கரையை மிதிக்காதீர்கள்

மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாக நரியோடை என்றோர் ஓடை கிடக்கிறது. கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஆண்டில் பத்து மாதம் அது ஓடுவதில்லை. ஆறுகளைத் தாயென்றும் கன்னியென்றும் வாயாரப் பாடிய நாட்டில் இதனை ஓர் அடியால் தொட்ட புலவரும் இலர். ஐப்பசி பிறந்தால் மேற்கே வானூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகைநீரெல்லாம் இதன் வழியாகக் கடற்கழிக்கு இறங்கும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் ஓடைக்கு ஒரு செருக்கு வரும். அச்செருக்கைத் தடுத்து நிற்பது அதன் கிழக்குக் கரை. கரைக்குக் கீழே, மேலே நிற்பவன் கூரை ஓடுகளை எண்ணிவிடக் கூடிய பள்ளத்தில், முப்பது வீடுகளாக ஓடையடித் தெரு.

அத்தெருவின் ஆறாம் வீடு கொளஞ்சியுடையது. வயது ஐம்பத்திரண்டு. வானூருக்கு மேற்கே ஒரு புன்செய் ஊரில் பிறந்து, பதினெட்டு வயதில் கன்னியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு, உப்பு மண்ணுக்கு வந்தவள். அவளிடம் இரண்டு உறுப்புகள் மிகுந்த வலிமை உடையன என்று தெருவில் சொல்வார்கள். ஒன்று நாக்கு; மற்றொன்று குதிகால். நாக்குக்கு அஞ்சாதவர்கள் சிலர் இருந்தார்கள். குதிகாலை மதியாதவர் ஒருவரும் இல்லை.

உப்பை வெயில் விளைக்கிறது என்று படித்தவர் சொல்வர். வெயில் வருமுன் பாத்தியின் தரை நீரை உறிஞ்சாதபடி இறுக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த இறுக்கத்தைத் தருவது மனிதக் கால். தை மாதத்தில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரிசையாக நின்று, குழைந்த களிமண்ணில் குதிகாலை முதலில் ஊன்றி, அரைச்சாண் அரைச்சாணாகப் பின்னுக்கு நகர்வார்கள். உப்பளத்தில் இதற்கு மிதி என்று பெயர். வரிசையின் வலக்கோடியில் நின்று தாளம் தருபவள் முன்மிதிக்காரி. கொளஞ்சி இருபது ஆண்டாக முன்மிதிக்காரி. புதிதாக வரும் பெண்களுக்கு அவள் சொல்லும் இலக்கணம் மூன்றே அடி: “மொத மிதியில மண்ணு அழுவும். ரெண்டாவது மிதியில வாய மூடும். மூணாவது மிதியில எலும்பாயிடும்.” இவ்வளவு சுருக்கமாகச் சூத்திரம் செய்யப் பண்டிதர்களால் ஆகாது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் நரியோடையின் கரை வளைவில் உடைந்தது. கொளஞ்சி சோறு வடித்துக்கொண்டிருந்த நண்பகலில் அவள் வீட்டின் மேற்குச் சுவர், களைத்த மாடு படுப்பதுபோல, மெல்ல உட்கார்ந்தது. பதினான்கு மாதம் அவளும் கன்னியப்பனும் தார்ப்பாயின் கீழ் இருந்தார்கள். அடுத்த புரட்டாசியின் இறுதியில், உப்பு வாரும் வேலை நின்ற மறுநாள், தெருப்பெண்கள் இருபது பேர் கரைமேல் ஏறினார்கள். பாத்தியை மிதிப்பதுபோலவே கரையை மிதித்தார்கள். கூலி இல்லை. கூப்பிட்டவர் இல்லை. அவ்வேலைக்குப் பெயரும் இல்லை. பெயர் இல்லாமையால் பதாகையும் இல்லை. ஆண்டுதோறும் அவ்வாறே செய்தார்கள். அதன்பின் கரை உடையவில்லை.

பெயர் இவ்வாண்டு ஆவணியில் வந்தது, நான்கு கார்களில்.

‘நரியோடைக் கரை மீட்பு மற்றும் நடைபாதை மேம்பாட்டுத் தன்னார்வலர் குழு’ என்பது அப்பெயர். தன்னார்வலர் என்ற சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது எளிது. தானே விரும்பி வருபவர் என்று கொள்ளலாம்; தன்மேல் விருப்பம் உடையவர் என்றும் கொள்ளலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தரும். வந்தவர்களைப் பார்த்தபின் ஐயம் இராது.

குழுவின் தலைவர் சக்கரபாணி. வானூரில் ஓர் அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டு கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். இப்போது பெரிய முதலியார்சாவடியில் வீடு. உடம்பில் சர்க்கரை ஏறியதால் நடக்கச் சொன்னார் மருத்துவர். கழிக்கரைக் காற்று நுரையீரலுக்கு நல்லது என்றார் யாரோ. ஆகவே நடப்பதற்காக அவர் நாள்தோறும் இருபத்தைந்து கிலோமீட்டர் காரில் வந்தார். வந்த இடத்தில் கரை கரடுமுரடாக இருந்தது. தமக்கு நடக்க வசதியில்லாத நிலத்தைக் கண்டவுடன் இயற்கை அழிகிறதே என்று அவர் நெஞ்சம் பதைத்தது. பொம்மையார்பாளையத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அவரைப் போன்றே பதைத்த நெஞ்சினர் பதினைந்து பேர் சேர்ந்தனர். எல்லாருக்கும் பச்சைப் பனியன்.

கூலிக்குப் பிட்டு வாங்கிக்கொண்டு மண் சுமந்த பெருமானை நாம் அறிவோம். கரையடைக்க வந்த இடத்தில் அவன் ஆடினான், பாடினான், மரத்தடியில் படுத்து உறங்கினான். பின்பு முதுகில் அடி வாங்கி, அதன்பின் ஒரே கூடை மண்ணில் வெள்ளத்தை நிறுத்தினான். சக்கரபாணியின் குழுவினர் அத்திருவிளையாடலின் முற்பாதியைப் பிசகின்றிச் செய்தார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து, எட்டு மணிவரை படம் எடுத்து, அரை மணி நேரம் நெகிழிப்பை பொறுக்கி, ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி உண்டு போனார்கள்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பனும் பச்சைப் பனியனோடு வீட்டுக்கு வந்தான். கொளஞ்சி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“யோவ், இன்னாய்யா இது? மார்ல எழுதி ஒட்டிக்கினு வர்ற?”

“தன்னார்வலர்னு எழுதியிருக்குது. உள்ளூர் ஆளு ஒருத்தராவது வேணும்னாங்க. சாம்பார் சாதமும் குடுத்தாங்க. போன்ல குரூப்லயும் சேத்துட்டாங்க.”

“வூட்டு மேல ஓடு ஒடஞ்சி ஆறு மாசமா ஒழுவுது. அதுக்கு வராத ஆர்வம் ஓடைக்கு வந்துடுச்சா?”

“அங்க போட்டோ எடுக்கறாங்க. இங்க எவன் எடுக்கறான்?” என்றான் கன்னியப்பன். அவன் ஆண்டுக்கு இருமுறை உண்மை பேசுபவன். அவற்றுள் இது ஒன்று.

கொளஞ்சி அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் ஞாயிறு அவர்கள் உமரியில் கை வைத்தபோது சிரிப்பு நின்றது. உமரி, உப்பு மண்ணில் தானே படரும் குட்டைச் செடி. சதைப்பற்றான இலையும் வேரால் வேரைப் பின்னும் இயல்பும் உடையது. கரையின் நீர்ப்பக்கம் முழுதும் அதுதான் போர்வை. பதினைந்து பேரும் கையுறை மாட்டிக்கொண்டு அதனை வேரோடு பிடுங்கிக் குவித்தார்கள். கொளஞ்சி மேலே ஏறிப்போனாள்.

“சார், அது உமரிங்க. அத்த புடுங்காதீங்க. கரையப் புடிச்சிக்கினு இருக்கறதே அதான்.”

“அது களைம்மா,” என்றார் சக்கரபாணி, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லும் பொறுமையோடு. “இத கிளீன் பண்ணிட்டு காகிதப்பூ வெக்கறோம். பூத்துச்சின்னா இந்த எடமே ரிசார்ட் மாதிரி ஆயிடும் பாருங்க.”

“உப்புத்தண்ணியக் குடிச்சிட்டு அது பூக்குமா சார்?”

“சொட்டுநீர் போடப் போறோம். எல்லாம் பிளான்ல இருக்குது.”

சொட்டுநீர் பிளானில் இருந்தது. காகிதப்பூ மண்ணில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று காணாமலே எட்டு நாளில் செடி கருகிற்று. கருகிய செடிகளுக்குப் பதிலாக வேறு செடிகள் வந்தன. அவையும் கருகின. உமரி மட்டும், குவித்துப்போட்ட இடத்திலேயே, ஒருவரும் கேளாமல் மீண்டும் வேர்விட்டது.

புரட்டாசி நடுவில் ஜேசிபி வந்தது. எங்கிருந்தோ செம்மண் வந்தது. பழைய களிக்கரையின் மேல் இரண்டடி உயரத்துக்குச் செம்மண்ணைக் கொட்டி, மட்டம் தட்டி, இருபுறமும் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு இழுத்தார்கள். பார்வைக்கு அழகுதான். மணப்பெண்ணுக்குப் பொட்டு வைப்பதுபோல வைத்திருந்தார்கள். பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. களியின் மேல் கொட்டிய செம்மண் களியோடு சேராது. மிதித்துக் கலந்தால் ஒழிய இரண்டும் ஒரே வீட்டில் பேசாமல் வாழும் ஓரகத்திகள். இடையிலுள்ள அந்தப் பிளவில் நீர் நாக்கை நுழைத்தால் போதும்.

கொளஞ்சி இதைக் கண்டாள். ஆயினும் பெரிதாகக் கலங்கவில்லை. இன்னும் பத்து நாளில் உப்பு வாருவது நிற்கும். வழக்கம்போல இருபது பேர் ஏறி மிதித்தால் செம்மண்ணும் களியும் ஒன்றாகிவிடும். ‘கொட்டனவன் கொட்டட்டும், மிதிக்கறவ மிதிப்பா’ என்று ஜெயாவிடம் சொன்னாள். ஜெயா அடுத்த வீட்டுக்காரி. பத்தாவது வரை படித்தவள். வரிசையில் கொளஞ்சிக்கு அடுத்து நிற்பவள்.

புரட்டாசி இருபத்தெட்டாம் நாள் காலை, குடங்களோடு இருபது பெண்கள் கரையேறினார்கள். ஏறும் இடத்தில் ஆளுயரப் பலகை ஒன்று முளைத்திருந்தது. கொளஞ்சி அதனைப் பொருட்படுத்தவில்லை. குடத்து நீரைச் செம்மண்மேல் சாய்த்து வலக்கோடியில் நின்று முதற் குதிகாலை ஊன்றினாள்.

“ஹலோ! ஹலோ! ஏம்மா!” சக்கரபாணி வெள்ளைச் சப்பாத்துக் காலோடு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பச்சைப் பனியன்கள் நான்கைந்து. “படிக்கத் தெரியாதா? போர்டு அவ்ளோ பெரிசா வெச்சிருக்குதே!”

கொளஞ்சி ஜெயாவைப் பார்த்தாள். ஜெயா படித்தாள்: “கரையை மிதிக்காதீர்கள்னு போட்டிருக்குது அக்கா.”

கொளஞ்சி உண்மையாகவே நகைத்தாள். பலகை எழுதியவன் தவறிவிட்டான் என்றே நினைத்தாள். “சார், உங்காளு தப்பா எழுதிப்புட்டான். மிதிங்கன்னு எழுதச் சொல்லுங்க. மிதிச்சாத்தான் சார் அது கரை. இல்லன்னா வெறும் மண்ணுதான்.”

“தப்பெல்லாம் இல்ல. நான்தான் எழுதச் சொன்னேன். இது வாக்கிங் டிரெய்ல். லெவல் பண்ணி வெச்சிருக்குது. ஐப்பசி இருபதாம் தேதி பெரிய ஆபீசர் வந்து திறந்து வெக்கறார். அதுவரைக்கும் ஒருத்தர் கால் படக் கூடாது. பாருங்க, எப்பிடிப் பள்ளமாக்கி வெச்சிருக்கீங்க!”

“வருசா வருசம் மிதிக்கறோம் சார்.”

“அதான் இத்தினி நாளா இப்பிடி அசிங்கமா கெடந்துச்சு. எறங்கும்மா. எறங்கு கீழ.”

மிதி என்பது ஒரே சொல். சக்கரபாணிக்கு அது புல்லைப் பாழாக்குவது, பிறர் காலை நசுக்குவது, மதியாமை. கொளஞ்சிக்கு அது கட்டுவது. நிகண்டு தேடினால் இரண்டுக்கும் சான்று கிடைக்கும். அன்று கரைமேல் ஒன்றுக்குத்தான் பலகை கிடைத்திருந்தது.

முன்மிதிக்காரியை மிதியின் நடுவே ‘எறங்கு’ என்று சொன்னவர் அதுவரை யாருமில்லை. உப்பள முதலாளிகள் கூட, “கொளஞ்சி, போதும்னு தோணறப்ப நீயே சொல்லு” என்பார்கள். அவள் முகம் கறுத்தது. இறங்கினாள். கீழே நின்று தலையை உயர்த்திச் சொன்னாள்:

“சரி சார். நீங்க மிதிக்காதன்னுட்டீங்க. இனிமே இந்தக் கரையில என் கால் படாது. படணும்னா நீங்களே வந்து கூப்புடணும்.”

“வெரி குட், வெரி குட். இந்த மாதிரி எல்லாரும் கோஆபரேட் பண்ணாப் போதும்,” என்றார் சக்கரபாணி. சபதத்தை ஒப்புதல் என்று கேட்கும் செவி பெறுவதற்கும் முப்பத்துநான்கு ஆண்டு அலுவலகப் பயிற்சி வேண்டும் போலும்.

பத்தொன்பது பேரும் அவள் பின்னே இறங்கினார்கள். இனிக் கொளஞ்சியையும் விட்டுவைப்பதற்கில்லை. கரை இடிந்தால் சக்கரபாணியின் வீட்டுக்குள் நீர் வராது. அவள் வீட்டுக்குள் வரும். இதை அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அறிந்தும், தெருவில் எவளாவது கரைப் பேச்சை எடுத்தால், “போர்டு போட்டிருக்குதில்ல? படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கசந்த வாயோடு சொல்லித் திரிந்தாள். அறிவிலியின் பிடிவாதத்துக்கு மன்னிப்பு உண்டு. அறிந்தவளின் பிடிவாதம் வேறு வகை. அது நன்கு மிதித்த களியைப்போல நீர் புகாத இறுக்கம் உடையது.

ஐப்பசி ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் நண்பகலில் பூமீசுவரர் கோயில் உச்சிக்கால மணி காற்றில் அரைகுறையாகக் கேட்ட வேளை, ஜெயா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“அக்கா, வளைவுல அடிக்கரையில ஊறுது.”

கொளஞ்சி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: “தெளிவா வருதா, கலங்கலா வருதா?”

“காலையில தெளிவா வந்துச்சு. இப்ப கலங்கல். செவப்பா.”

அரிசி களையும் கை நின்றது. தெளிந்து கசியும் நீர் கரையைக் கடந்து வருவது. கலங்கி வரும் நீர் கரையைத் தின்று வருவது. தின்னத் தொடங்கிய நீர் பசியடங்கி நிற்பதில்லை.

“வா அக்கா, போலாம். எல்லாம் உன்னத்தான் பாத்துக்கினு நிக்கறாளுங்க.”

“நான் சொல்லிட்டேன்டி. கூப்புட்டாதான் வருவேன்னு சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட சொன்ன? அந்தாளு போத்திக்கினு தூங்கறான். நீ சொன்னதே அவனுக்கு ஞாபகம் இருக்காது. தண்ணி உள்ள வந்தா உன் ரோசம் மட்டும் கட்டுலு மேல ஏறி ஒக்காந்துக்குமா?”

“நீ போயி மிதி. நானா வேணாங்கறேன்?”

“முன்மிதி இல்லாம எவ மிதிப்பா? ஆளுக்கு ஒரு பக்கம் குதிச்சா கரையே ஒடஞ்சிடும். உனக்குத் தெரியாதா?”

தெரியும். தாளமின்றி இருபது பேர் ஈரக்கரையில் ஏறினால் நீர் செய்யும் வேலையை அவர்களே செய்து முடித்துவிடுவார்கள். மூலையில் பனியனோடு உட்கார்ந்திருந்த கன்னியப்பன் சமாதானத்துக்கு வழி காண்பவன்போலக் கைப்பேசியை எடுத்தான்.

“இரு, இரு. குரூப்புல கரை ஊறுதுன்னு காலையிலயே போட்டுட்டேன். பதில் வந்திருக்குது.” கண்ணைச் சுருக்கி எழுத்தெழுத்தாகப் படித்தான். “மழை காரணமாக... இந்த வாரக் கரை மீட்புப் பணி... இல்லை. தன்னார்வலர்கள் அனைவரும்... அவரவர் வீட்டில்... பத்திரமாக இருக்கவும். கீழ கைகூப்பற படம் போட்டிருக்காரு.”

ஜெயாதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கொளஞ்சிக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து, இருமலோடு கலந்து, கண்ணில் நீர் வரும்வரை.

“எந்த வூட்லய்யா பத்திரமா இருக்கறது? இந்த வூட்லயா?” என்றாள். மேற்குச் சுவரைப் பார்த்தாள். எட்டு ஆண்டுக்கு முன் உட்கார்ந்து, மீண்டும் எழுப்பிய சுவர். அடியில் ஈரம் ஒரு முழம் ஏறியிருந்தது. இப்படிப்பட்ட ஒருவன் அழைப்புக்கா இத்தனை நாள் காத்திருந்தோம் என்ற எண்ணம் அவளுக்கு வெட்கமாக வந்தது. சக்கரபாணிமேல் கோபம் கொள்வதற்கும் அவருக்கு ஒரு தகுதி வேண்டுமே! சபதத்தை அவள் முறித்தாள் என்பது பிழை. சபதம் செய்யத் தக்க ஆள் எதிரே இல்லை என்று கண்டுகொண்டாள், அவ்வளவே.

சேலையை வாரிச் செருகினாள். “யோவ், அந்தப் பனியன அவுத்துட்டு மம்முட்டிய எடு. ஆம்பளைங்களக் கூப்புடு. மொதல்ல செம்மண்ண வழிச்சித் தள்ளணும்.”

வளைவில் ஓடை பழைய களிக்கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஆண்கள் எண்மர் இரண்டடிச் செம்மண்ணையும், அதன் சுண்ணாம்புக் கோட்டையும், கருகிய காகிதப்பூவையும் ஒன்றாக வழித்து ஒதுக்கினார்கள். பக்கத்துப் பாத்தியிலிருந்து களி வந்தது, பாண்டுச் சட்டி சட்டியாக. குவித்துப்போட்ட இடத்தில் மீண்டும் வேர்விட்டிருந்த உமரியை மண்ணோடு தோண்டி நீர்ப்பக்கம் பதித்தார்கள். வேலம்மாள் என்பவள், அறுபது வயதில், “களைன்னானே, இப்ப தலைக்குமேல தூக்கிக்கினு ஓடறோம்” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். பின்பு பதினேழு பெண்கள் தோள் பற்றி நின்றார்கள். மூவர் காய்ச்சலில் கிடந்தார்கள்.

“ஊனு,” என்றாள் கொளஞ்சி. “இழு. ஊனு. இழு. ஏ ஜெயா, அவசரப்படாத. மாப்புள்ள வூட்டுக்கா போற? ஊனு.”

மழை முகத்தில் அடித்தது. பதினேழு குதிகால்கள் ஒன்றாக இறங்கும்போது கரை அதிர்ந்து, அடுத்த அடிக்கு அமைதியாயிற்று. முதல் மிதியில் களி, அவள் சொன்னபடியே, அழுதது. விரலிடுக்குகளில் பிதுங்கி வழிந்தது. சிவனே என்று அவள் வாய் முணுமுணுத்தது தாளத்துக்கா வேண்டுதலுக்கா என்று பிரிக்க முடியவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கார் ஒன்று வந்தது. நடைபாதையைத் தெருவார் தோண்டுகிறார்கள் என்று யாரோ குரூப்பில் போட்டிருந்தார்கள். கரை ஊறுகிறது என்ற செய்திக்கு எழாத சக்கரபாணி இந்தச் செய்திக்கு எழுந்து, இருபத்தைந்து கிலோமீட்டர் மழையில் வந்திருந்தார். குடையின் கீழ் அவரும், பச்சைப் பனியன் அணிந்த ஒருவரும்.

“யாரக் கேட்டுத் தோண்டுனீங்க? யார் பர்மிஷன் குடுத்தது? பெரிய ஆபீசர் வர இன்னும் ஒன்பது நாள்தான் இருக்குது!”

கொளஞ்சி தாளத்தை நிறுத்தவில்லை. “ஊனு. இழு. சார், கொடைய மடக்கிட்டு மேல வாங்க. ஆளு கொறயுது. ஊனு.”

“நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லும்மா!”

“பதிலு மேல இருக்குது சார். வந்து பாருங்க.”

சக்கரபாணி சறுக்கிச் சறுக்கி ஏறினார். ஏறி நின்றவர் மறுபக்கத்தைப் பார்த்தார். இரண்டு மாதமாக அவர் மீட்டுக்கொண்டிருந்த நரியோடையை நீரோடு அவர் காண்பது அதுவே முதல் முறை. பழுப்பு நிறத்தில், வேலிமுள்ளையும் செத்த கோழியையும் உருட்டிக்கொண்டு, அவர் காலுக்கு ஒரு சாண் கீழே அது போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பிக் கீழே கூரைகளைப் பார்த்தார். மீண்டும் நீரைப் பார்த்தார். குடை தானாகத் தாழ்ந்தது.

“இது... இவ்ளோ வருமா?” என்றார்.

“வருசா வருசம் வருது சார். நீங்க வெயில்லயே வந்துட்டுப் போயிட்டீங்க. சப்பாத்தக் கழட்டிட்டு ஜெயா பக்கத்துல நில்லுங்க. குதிகாலு மொதல்ல.”

அவர் சப்பாத்தைக் கழற்றினார். ஜெயாவுக்கும் வேலம்மாளுக்கும் இடையில் நின்று இருவர் தோளையும் பிடித்தார். இதை மறைத்தால் எழுதுபவனுக்கு அறம் ஆகாது, அவர் மிதித்தார். பத்து நிமிடம் மிதித்தார். கீழே நின்ற பச்சைப் பனியன்காரர் அந்தப் பத்து நிமிடத்தையும் வீணாக்காமல் படம் எடுத்தார். அதன்பின் சக்கரபாணியின் பையில் கைப்பேசி அடித்தது. “ஒரு நிமிஷம்” என்று இறங்கினார். அந்த நிமிடம் காரில் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போயிற்று.

ஐந்து மணிக்குக் கழியில் நீர் வடியத் தொடங்கியது. ஓடை விளிம்பிலிருந்து ஒன்றரைச் சாண் இறங்கியது. கொளஞ்சி தனியாக அடிக்கரைக்குப் போனாள். ஊறும் இடத்தில் உள்ளங்கையைக் குவித்து நீர் பிடித்துப் பார்த்தாள். கை ரேகை தெரிந்தது. அவ்விடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

கரை மிதித்ததற்கு இரண்டாம் நாள், மழை சற்று ஓய்ந்திருந்த காலையில், ஜெயா டீக்கடையிலிருந்து ஒரு நாளிதழை இடுப்பில் செருகிக் கொண்டுவந்தாள். வாசலில் விரித்து உரக்கப் படித்தாள்.

“கொட்டும் மழையில் கரை காத்த தன்னார்வலர்கள். பொதுமக்கள் பாராட்டு.”

“எந்தப் பொதுமக்கள்?” என்றாள் கொளஞ்சி.

“நாமதான் போலருக்குது. கேளு. தலைவர் சக்கரபாணி தலைமையில் குழுவினர் உயிரைப் பணயம் வைத்துக் கரையைப் பலப்படுத்தினர்.”

“குழுவினரா? வந்தவன் ரெண்டு பேரு. ஒருத்தன் கொடைய விட்டு வெளிய வரல.”

படத்தின் நடுவில் சக்கரபாணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வெட்டிப் போட்ட படம். வேலம்மாளின் தோள் பாதி மட்டும் தெரிந்தது. “எனக்குக் காது மட்டும் வந்திருக்குது அக்கா. தோடு நல்லா விழுந்திருக்குது. உனக்கு அதுவும் இல்ல,” என்றாள் ஜெயா.

கன்னியப்பன் எட்டிப் பார்த்து, தான் எங்கேயாவது இருக்கிறேனா என்று தேடி, மனமுடைந்து போனான். ஜெயா ஏசினாள், சக்கரபாணியின் மூன்று தலைமுறையையும் ஒரு மூச்சில் ஏசினாள். கொளஞ்சி நாளிதழை வாங்கி முகத்தருகே பிடித்து, எழுத்தையும் முகத்தையும் விட்டுவிட்டு, படத்தின் அடிப்பகுதியையே உற்றுப் பார்த்தாள்.

“ஏ ஜெயா. இங்க பாரு. பாவி, முன்னங்கால்ல மிதிச்சிருக்கான். குதிகாலு எப்பிடித் தூக்கிக்கினு நிக்குது பாரு.”

“அதுக்கின்னா இப்ப?”

“அதுக்கின்னாவா? வளைவுல எந்த எடத்துல நின்னான்? உன் பக்கத்துலதான? அங்க மட்டும் உள்ள பொடபொடன்னுதான் இருக்கும். சாயங்காலம் மறுபடி மழைன்றாங்க. எழுந்திரு.”

நாளிதழை ஜெயாவின் மடியில் போட்டுவிட்டு அவள் நடந்தாள். வளைவில், வரிசையாகப் பதிந்த குதிகால் குழிகளின் நடுவே, இரண்டு முழ நீளத்துக்குக் கட்டைவிரல் தடம் மட்டும் கோழி கிளறியதுபோல் இருந்தது. கொளஞ்சி அதில் ஒரு குடம் நீரைச் சாய்த்து, தோள் பற்ற ஆளில்லாமல் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அந்தப் பத்து நிமிடத்தை அழித்து மிதிக்கத் தொடங்கினாள்.